கழுத்தின் நிறத்தில் ஒரு முகம்

நம்மூர்க் கலியாண அல்பங்களை ஒரு நாளைக்கு ஆறுதலாக இருந்து புரட்டிப் பாருங்கள் சகோதரிகளே. பொம்பிளையின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதோன்றி போட்ட கைகள் இன்னொரு நிறம். பக்கத்தில் நிற்கும் தங்கைமாரையும் சாச்சிமாரையும் பார்த்தால்தான் பொம்பிளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதே விளங்கும். வெள்ளையான பிள்ளைகளின் அல்பத்தில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. பொதுநிறமும் கறுப்புமான எங்களைப் போன்றவர்களின் அல்பங்களில்தான் முகத்தைத் தனியே வெட்டி ஒட்டியது போல இருக்கும். அதைக் கண்டு யாரும் வியப்பதுமில்லை. "நல்லா ஜோடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

என் நானாவின் மூத்த மகளுக்கு 2023ஆம் ஆண்டு நிக்காஹ் நிச்சயமாயிற்று. பிள்ளை எங்கள் வாப்பாவைக் கொண்டு பிறந்தவள். அதே உயரம், அதே நீண்ட மூக்கு, அதே கறுப்பு. பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்திருந்தது. அவருடைய உம்மாவுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மூத்த பெண்மணி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "பிள்ளை நல்ல பிள்ளைதான், கொஞ்சம் நிறம்தான் கம்மி" என்று சொன்னது குசினிவரை கேட்டது. சொன்னவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். என் மச்சி மறக்கவில்லை. கலியாணச் சாமான் எழுதிய கொப்பியோடு என்னிடம் வந்து, "நீங்கதான் இதுகள் தெரிஞ்ச ஆள். பவுண்டேஷன் வாங்கக்குள்ள அவட நிறத்துக்கு ரெண்டு கூட்டி வாங்குங்க" என்றார்.

நான் அழகுக்கலை படித்தவளல்ல. இதே நிறத்தோடு முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவள், அவ்வளவுதான்.

கடைக்குப் போகுமுன்பே இன்னொரு விஷயம் வெளியே வந்தது. மருமகள் தனது அலுமாரியிலிருந்து ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்துக் காட்டினாள். முகம் வெளுக்கும் கிறீமாம். தயாரித்தவர் பெயரில்லை, முகவரியில்லை, என்னென்ன சேர்த்தது என்ற விபரமில்லை. பூசிய முதல் இரண்டு கிழமையும் முகம் வெளுத்ததாம். பிறகு வெயிலில் கன்னம் எரியத் தொடங்கி, சின்னச் சின்னப் பருக்கள் போட்டு, நெற்றியில் முன்னர் இல்லாத ஒரு கருந்திட்டு விழுந்துவிட்டது. வீட்டில் சொல்லப் பயம். நான் சத்தம் போடவில்லை. மறுநாளே தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன்.

இப்படியான டப்பாக்களில் பாதரசம் இருக்கலாம், கடுமையான ஸ்டீரொய்ட் இருக்கலாம், ஹைட்ரோகுவினோன் இருக்கலாம், சிலவற்றில் இவை சேர்ந்தும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். பாதரசம் தோல் கறுமை உண்டாக்குவதைத் தடுத்து வைக்கும். ஆனால் தோலோடு நிற்காது, உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பிள்ளைத்தாய்ச்சி பூசினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச்சேரும். ஸ்டீரொய்ட் தோலை மெலிய வைத்துவிடும். 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்றது. 2023இல் கூடிய மாநாட்டில் அந்த 1 மில்லிகிராம் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். இருந்தும் டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஓர் அடையாளம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பாவிக்கவும் என்று எழுதியிருந்தால் அதில் பாதரசம் இருக்கக்கூடும். கழுத்து நிறையத் தங்கம் போடப்போகும் பொம்பிளைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருள் உண்டா?

இந்தியாவில் 1975இல் வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. டப்பாவின் பெயரை மாற்றுவது சுலபம். குசினிவரை கேட்கும் பேச்சை மாற்றுவதுதான் கஷ்டம்.

தோல் பழையபடி வர மூன்று மாதமாயிற்று. அதுவரை பவுண்டேஷன் வாங்க வேண்டாம் என்று மச்சியைப் பொறுக்கச் சொன்னேன். எரிந்து சிவந்திருக்கும் முகத்தை வைத்து எந்த நிறத்தைத் தெரிவது? டொக்டர் கொடுத்த சன்ஸ்கிரீன் நிறமூட்டியது. கறுப்புத் தோலில் திட்டு விழுவதற்கு வெயிலின் புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காரணம் என்றும், அந்த ஒளியை மறிக்க அயன் ஒக்சைட் சேர்ந்த நிறமூட்டிய வகையே நல்லது என்றும் விளக்கினார். வெள்ளைச் சன்ஸ்கிரீனைப் பூசி மாவில் விழுந்தது போல நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது இரட்டை நன்மை.

இனிப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பவை பெரும்பாலும் நான்கு தூள்கள். வெள்ளைக்கு டைட்டேனியம் டை ஒக்சைட். மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு அயன் ஒக்சைட்கள். வெள்ளைத் தோலுக்கான போத்தலில் வெள்ளைத்தூள்தான் அதிகம். கறுப்புத் தோலுக்குச் செய்யும்போது வெள்ளையை நன்றாகக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் கூட்டி, கறுப்பை அளந்து சேர்க்க வேண்டும். அந்தச் சிரமத்தை எடுக்காமல் வெள்ளைக்காரருக்குச் செய்த கலவையிலேயே கொஞ்சம் கறுப்பைக் கொட்டி 'டார்க்' என்று பெயர் ஒட்டினால் என்ன நடக்கும்? பூசியதும் முகம் சாம்பல் பூத்துவிடும், காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் போல. இளம் வயதில் இப்படிச் சாம்பல் பூத்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, "எனக்கு மேக்கப் சரிவராது" என்று ஒதுக்கிவிட்ட பெண்கள் எத்தனை பேர்! சரிவராதது அவர்களுடைய முகமல்ல, அந்தப் போத்தல்.

பெரிய இடத்துப் பெண்களுக்கும் இதே கதைதான். சோமாலியாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இமான் 1975இல் அமெரிக்காவுக்கு மொடலாகப் போனார். படப்பிடிப்புக்குப் போன இடத்தில் அலங்காரம் செய்பவர், "உன்னுடைய பவுண்டேஷனைக் கொண்டுவந்தாயா?" என்று கேட்டாராம். அவருடைய நிறத்துக்கு அங்கே ஒன்றுமில்லை. அதன்பின் தானே கலந்து பாவித்து, 1994இல் தன் பெயரிலேயே ஒரு வரிசையை வெளியிட்டார். அவருக்கு முன்னரே 1973இல், 'எபொனி' சஞ்சிகையை நடத்திய ஜோன்சன் குடும்பத்தைச் சேர்ந்த யூனிஸ் ஜோன்சன், தமது கறுப்பு மொடல்கள் இரண்டு மூன்று போத்தல்களைக் கலந்து முகத்துக்குப் பூசுவதைக் கண்டு 'ஃபெஷன் ஃபெயார்' என்ற வரிசையைத் தொடங்கியிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும், 2017இல் பாடகி ரிஹானாவின் 'ஃபென்டி' 40 நிறங்களோடு கடைக்கு வந்தபோதுதான் மற்றக் கம்பனிகள் விழித்துக்கொண்டு தங்கள் வரிசைகளை நீட்டின. ஆகவே இன்றைக்கு எங்கள் நிறம் உலகச் சந்தையில் இருக்கிறது. எங்கள் கடைத் தட்டில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வெளிர் நிறங்கள் வரிசையாக நிற்கும், கடும் நிறத்தில் ஒன்றோ இரண்டோ மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

கறுப்பு என்பதும் ஒரே கறுப்பல்ல. சாயம் கூடிய பிளேன்டீ போலச் சிவப்பு ஓடும் கறுப்பு உண்டு. கித்துள் பாணி போலப் பொன் ஓடும் கறுப்பு உண்டு. நாவற்பழம் போல நீலம் ஓடுவதும் உண்டு. கடுமை சரியாக இருந்தும் இந்த உள்நிறம் பிழைத்தால் முகம் ஒட்டாது. மணிக்கட்டின் நரம்பு பச்சையா நீலமா பார், தங்கம் பொருந்துகிறதா வெள்ளி பொருந்துகிறதா பார் என்றெல்லாம் எழுதுவார்கள். கறுத்த கையில் நரம்பின் நிறம் எங்கே தெரிகிறது? தங்கம் பொருந்தாத முஸ்லிம் பெண்ணை நான் இன்னும் காணவுமில்லை. நான் செய்வது இதுதான். முகத்தைக் கழுவித் துடைத்து, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, நல்ல வெள்ளைத் துணியைத் தாடையோடு பிடித்துப் பார்ப்பது. வெள்ளைக்குப் பக்கத்தில் தோலின் மஞ்சளோ சிவப்போ வெளியே வந்து நிற்கும். மருமகளுக்குப் பொன்தான் ஓடியது. எங்கள் வாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் யார் துணி பிடித்துப் பார்த்தார்கள்?

கொழும்புக்குப் போனோம். புறக்கோட்டையில் விலை குறைவு, ஆனால் திறந்து பூசிப் பார்க்க முடியாத பொருளை முகத்துக்கு வாங்க எனக்கு மனமில்லை. போலியா அசலா என்ற கவலை வேறு. பூசிப் பார்க்கப் போத்தல் வைத்திருக்கும் காலி வீதிக் கடைகளுக்குத்தான் போனோம். கடையில் நிற்கும் பிள்ளை வழக்கம்போலப் புறங்கையைப் பிடித்து ஒரு துளி வைத்தாள். கை வேறு நிறம், முகம் வேறு நிறம் என்றேன். அடுத்து ஒரு வெளிர் நிறத்தை எடுத்து, "மிஸ், மற்றது உங்களுக்கு டார்க். இதப் போட்டா பளிச்சென்டு இருக்கும்" என்றாள். அவளும் கறுப்புத்தான், பாவம், அவளுக்கும் அப்படித்தான் யாரோ விற்றிருந்தார்கள். முகத்தில் தெரிந்தது.

மூன்று நிறத்தைத் தெரிந்து, கன்னத்தின் கீழிருந்து தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துவரை மூன்று கோடாக இழுத்தோம். கடையின் டியூப் லைட்டில் மூன்றுமே சரிபோலத் தெரிந்தன. நம்பவில்லை. வெளியே நின்ற வானுக்குள் போய்க் கதவோரம் இருந்து, முக்காட்டைச் சற்றுத் தளர்த்திச் சின்னக் கண்ணாடியில் பார்த்தோம். ஒரு கோடு சாம்பலாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் கிட்டத்தட்டத் தோலுக்குள் மறைந்துவிட்டன. ஆளுக்கொரு ஃபலூடா குடித்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்த்தால், அந்த இரண்டில் ஒன்று செம்மஞ்சளாகக் கடுத்திருந்தது. காற்றும் முகத்து எண்ணெயும் பட்டதும் சில கலவைகள் இப்படி நிறம் மாறும். எங்கள் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் மாறும். கடையில் பூசிய கையோடு காசைக் கொடுத்தால் வீட்டுக்கு வந்துதான் இது தெரியும். கோடு தெரியாமல் எது கரைந்து போகிறதோ அதுதான் உங்களுடையது.

இலக்கங்களை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பனியின் இலக்கம் மற்றக் கம்பனிக்குப் பொருந்தாது. லொரியல் 'ட்ரூ மெச்'சில் டபிள்யூ என்றால் பொன் ஓடும் தோலுக்கு, சி என்றால் இளஞ்சிவப்பு ஓடும் தோலுக்கு. மக் கம்பனியிலோ என்.சி. என்பது பொன் ஓடும் தோலுக்கு, என்.டபிள்யூ. இளஞ்சிவப்புக்கு. நேர்மாறு! பெயர்களும் ஒரு வேடிக்கை. வெளிர் நிறங்களுக்குத் தந்தம், பீங்கான் என்று பெயர் வைப்பார்கள். எங்கள் பக்கம் வந்தால் கரமல், டொஃபி, மொக்கா, எஸ்பிரெஸ்ஸோ. பசிதான் வருகிறது.

விலையைச் சொல்லாமல் விடலாமா? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு வெளிநாட்டுப் போத்தல்களைக் கையிலெடுத்தாலே கை சுடுகிறது. விலை கூடியதை நான் குறை சொல்லமாட்டேன். மருமகளின் நிறம் அதில் ஒரே போத்தலில் கிடைத்தது. ஆனால் மேபிலினின் 'ஃபிட் மீ'யில் அடுத்தடுத்த இரண்டு கடும் நிறங்களைக் கலந்தபோதும் அதே நிறம் வந்தது. அந்த இரண்டின் விலையும் சேர்ந்து மற்றதைவிடக் குறைவு. அதோடு எங்கள் முகமும் ஒரே நிறமல்ல. நெற்றியோரமும் வாயைச் சுற்றியும் கடுமை, கன்னம் கொஞ்சம் வெளிர். இரண்டு போத்தல் கையிலிருந்தால் ஓரத்துக்குக் கடுமையைக் கூட்டலாம், முகம் தட்டையாகத் தெரியாது. அந்த 'ஃபிட் மீ'யிலும் இரண்டு வகை உண்டு, எண்ணெய்த் தோலுக்கு மெட், வறண்ட தோலுக்கு டியூயி. மருமகளுக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், ஆகவே மெட். தடித்த கேக் வகையை வேண்டாமென்றேன். 1930களில் கலர்ப்படங்களின் வெளிச்சத்துக்காக மெக்ஸ் ஃபெக்டர் செய்த சாமான் அது. ஜூலை மாதத்து மண்டபத்துக்கு எதற்கு?

"நாங்கதான் ஹிஜாப் போடுறோமே, கழுத்த யார் பாக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். கழுத்து மறைந்தாலும் கைகள் மறைவதில்லையே. வெள்ளை முகத்துக்குக் கீழே பொதுநிறக் கை தேநீர்க் கோப்பையை நீட்டும்போது எல்லோருக்கும் தெரியும். முக்காட்டின் ஓரத்தில் பவுண்டேஷன் ஒட்டாமலிருக்க, ஓரத்தில் மெல்லியதாகப் பூசிப் பவுடரால் அமுக்கி, பத்து நிமிடம் கழித்து முக்காட்டைக் கட்ட வேண்டும். வுழூவை மறக்கக்கூடாது. தண்ணீர் தோலில் படாமல் மறிக்கும் பூச்சைக் கழுவிவிட்டுத்தான் வுழூச் செய்ய வேண்டும். தண்ணீரில் கரையாத வகை வெறும் கழுவலுக்கு அசையாது. எண்ணெயோ கிளென்சிங் பாமோ பூசி மெதுவாகக் கரைத்தெடுக்க வேண்டும். அவசரத்தில் துவாயால் தேய்த்தால் எங்கள் தோல் அந்த இடத்தில் கறுத்துப்போகும். ஐந்து வேளையும் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் அன்றாடம் பவுண்டேஷன் பூசிப் பாடசாலைக்குப் போக வேண்டாமென்று மருமகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது தேவையுமில்லை.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்னர் அலங்காரம் செய்யும் பெண் ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தார். கைகாரி. நாங்கள் வாங்கிய போத்தல்களைப் பார்த்துவிட்டு, "இது ஃபோட்டோவில எடுக்காது மேடம். பொம்பிளையெண்டா ரெண்டு நிறம் தூக்கத்தான் வேணும்" என்றார். மச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்டூடியோக் காலத்துப் பழக்கம் அது. கலர்ப் படச்சுருளையே வெள்ளைத் தோலை அளவாக வைத்துத்தான் செய்தார்கள். நிறம் சரிபார்க்கக் கோடாக் கம்பனி அனுப்பிய அட்டையில் இருந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். சொக்கலேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தங்கள் பொருள் படத்தில் சரியாக விழுவதில்லை என்று முறையிட்ட பிறகே கபில நிறங்களைக் கவனித்தார்கள் என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படச்சுருளில் கறுப்பு முகம் இருட்டாக விழுந்தது. ஆகவே முகத்தை வெளுத்தார்கள். இன்றைய கமராவுக்கு அந்தத் தேவையில்லை.

தர்க்கம் பண்ணவில்லை. "பாதி முகத்துக்கு உங்கட மாதிரி போடுங்க, பாதிக்கு இதைப் போடுங்க" என்றேன். இடப்பக்கம் அவருடைய இரண்டு நிறம் தூக்கிய பூச்சு, மேலே வெள்ளைப் பவுடர். வலப்பக்கம் எங்கள் கலவை. கண்ணுக்குக் கீழும் வாயோரத்தும் இருந்த கருமைக்கு வெளிர்க் கன்சீலருக்குப் பதிலாக, செம்மஞ்சள் கரெக்டரை மெல்லியதாகத் தட்டி, அதன்மேல் பவுண்டேஷன். பவுடரும் நிறமுள்ளது. ஃபிளாஷ் போட்டு ஒரு படமெடுத்தோம். இடப்பக்கம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வந்திருந்தது. எஸ்.பி.எஃப். உள்ள பூச்சும் சிலிக்கா சேர்ந்த வெள்ளைப் பவுடரும் ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பியடிக்கும். கண்ணாடியில் அது தெரியாது, படத்தில்தான் தெரியும். வலப்பக்கம் அவளே இருந்தாள்.

மச்சி ஃபோனை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் வெளிச்சமாத்தானே இருக்கு" என்று இடப்பக்கத்தைக் காட்டினார். குரலில் முன்னைய உறுதி இல்லை. மருமகள் அதுவரை வாய் திறக்கவில்லை. அப்போதுதான் சொன்னாள்: "உம்மா, அடுத்த நாள் சுபஹுக்கு எழும்பி முகம் கழுவினா அவங்க பாக்கப்போறது இந்த நிறத்தத்தானே."

மச்சி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் எல்லோருக்கும் தேநீர் வந்தது. நிறம் தூக்குவது பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலங்காரம் செய்பவர் எங்கள் போத்தல்களைக் கேட்டு வாங்கி, இலக்கங்களைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு போனார்.

கலியாணத்தன்று லுஹர் தொழுதுவிட்டு, அந்த வுழூவோடு பிள்ளை அலங்காரத்துக்கு இருந்தாள். கடும் வெட்கை. மண்டபத்தில் பெண்கள் பக்கத்து ஏசி ஒன்று வேலை செய்யவில்லை. வியர்க்க வியர்க்கத் துடைக்காமல் மெல்லிய கடதாசியால் ஒற்றி எடுத்தோம், பூச்சு குலையவில்லை. அந்த மூத்த பெண்மணியும் வந்திருந்தார். புரியாணி சாப்பிட்டார், பிள்ளையின் கையைப் பிடித்து துஆச் செய்தார், போனார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சப் போத்தல்களில் திறந்த திகதியை எழுதிக் கொடுத்துவிட்டேன். திறந்த டப்பாப் படத்துக்குள் 12 என்ற இலக்கம் இருந்தால் திறந்து 12 மாதத்துக்குத்தான் அது நல்லது. மாப்பிள்ளைக்கு நுவரெலியாவில் வேலை. போய் ஒரு மாதத்தில் ஃபோன் எடுத்தாள். "மாமி, இங்கத்தைய குளிருக்குப் பூசினா திட்டுத் திட்டா உரியுது." மெட் வகை குளிரில் அப்படித்தான். முகத்துக்கு முதலில் மொயிஸ்சரைசர் பூசி, பவுண்டேஷனிலும் அதில் ஒரு துளியைக் கலக்கச் சொன்னேன். பவுடரை விட்டுவிடச் சொன்னேன்.

பெருநாளுக்கு முந்திய கிழமை மச்சி வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், எழும்பிப் போகும் நேரத்தில் கதவடியில் நின்று, "எனக்கும் ஒண்டு பாத்துச் சொல்லுங்களேன், என்ன நிறமெண்டு" என்றார். நாற்பது வருடமாகக் குளித்ததும் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொள்பவர். அன்றைக்கும் அப்பியிருந்தார்.

"நாளைக்குக் காலைல பவுடர் போடாம வாங்க மச்சி, ஜன்னலடியில பாப்பம்" என்றேன்.